குளோசே: 16 உலகக் கோப்பை கோல் அடித்தவரை ஏன் யாரும் பெரிய ஆட்டக்காரர் என்று சொல்வதில்லை?

ராத்திரி மேட்ச் கேட்டது:

ஆபீஸில் ஒரு வாக்குவாதம். உலகக் கோப்பையில் சிறந்த சென்டர் ஃபார்வர்ட் யார் என்று பேச்சு வந்தது. நான் ஜெர்மனியின் மிரோஸ்லாவ் குளோசே என்றேன். எதிர் சீட்டுக்காரர் சிரித்தே விட்டார்.

அவர் வாதம் இது. குளோசே அடித்த 16 கோலில் மூன்று, 2002-ல் சவூதி அரேபியாவை 8-0 என்று நசுக்கிய ஒரே ஆட்டத்தில் வந்தது. 2006-ல் கோஸ்டா ரிகாவுக்கு எதிராக இரண்டு, எக்வடோருக்கு எதிராக இரண்டு. 2010-ல் ஆஸ்திரேலியா. எல்லாம் சின்ன அணிகள். அப்புறம், கிளப்பில் பெரிதாக என்ன செய்தார்? ஜெர்மனியின் முதல் நிலை லீக்கான பண்டஸ்லிகாவில் 307 ஆட்டத்தில் 121 கோல். அதே லீக்கில் கெர்ட் முல்லர் 365 அடித்திருக்கிறார். கடைசியாக ஒரு குத்து: "கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தட்டிவிட்டால் யார் வேண்டுமானாலும் அடிப்பார்கள்."

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நான் 2014-ல்தான் கால்பந்து பார்க்க ஆரம்பித்தேன். பிரேசிலை 7-1 என்று அடித்த ஆட்டம்தான் எனக்குத் தெரிந்த குளோசே. பழைய ஆட்டங்களைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள், அவர் நிஜமாகவே பெரிய ஆட்டக்காரரா, இல்லை நல்ல அணியில் இருந்த அதிர்ஷ்டக்காரரா?

கூடவே இன்னொன்று. இருபது வயது வரை ஏழாவது டிவிஷனில் ஆடினார், தச்சு வேலை கற்றவர் என்று படித்தேன். உண்மையா, இல்லை வாட்ஸப்பில் சுற்றும் கதையா?

மஞ்சள் ஜெர்சி:

உங்கள் எதிர் சீட்டுக்காரருக்கு என் சார்பில் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். உலகக் கோப்பைகளில் எங்கள் பிரேசில் ரொனால்டோ 19 ஆட்டத்தில் 15 கோல். குளோசே 24 ஆட்டத்தில் 16. முல்லர் 13 ஆட்டத்திலேயே 14. 2002 யோகோஹாமா இறுதியாட்டத்தில் ரொனால்டோவும் குளோசேவும் எதிரெதிரே ஆடினார்கள். ஒருவர் இரண்டு கோலும் அடித்துக் கோப்பையைத் தூக்கினார். மற்றவரை 74-வது நிமிடத்தில் வெளியே எடுத்து பியர்ஹாஃபை இறக்கினார்கள். இதற்கு மேல் என்ன வாக்குவாதம்?

வடசென்னை ஸ்டாப்பர்:

ரொனால்டோவோடு எனக்குச் சண்டை இல்லை. பந்தைக் காலில் வைத்துக்கொண்டு அவர் செய்ததை இன்னொருவர் செய்து நான் பார்த்ததில்லை. ஆனால் தம்பி கேட்டது ரொனால்டோவைப் பற்றி இல்லையே.

நான் ஃபார்வர்ட் ஆடியவன் இல்லை. லோக்கல் லீக்கில் ஸ்டாப்பர் பேக், அதாவது எதிரணி ஃபார்வர்டைத் தடுக்கிற நடு டிஃபெண்டர். அதனால் நான் பார்க்கிற கோணம் வேறு. பந்தோடு நேராக வருகிறவனைச் சமாளித்துவிடலாம். மோதலாம், விழலாம், பவுல் பண்ணலாம். பந்தே இல்லாமல் முதுகுக்குப் பின்னால் நிற்கிறானே, அவன்தான் தலைவலி. பந்தைப் பார்த்தால் அவனைப் பார்க்க முடியாது, அவனைப் பார்த்தால் பந்தைப் பார்க்க முடியாது. குளோசே ஆட்டத்தில் பாதி நேரம் அந்த இடத்தில்தான் இருப்பார். டிவியில் அது தெரியாது, கேமரா பந்தோடு போய்விடும். கடைசியில் அவர் தட்டுவது மட்டும் தெரியும். "யார் வேண்டுமானாலும் அடிப்பார்கள்" என்கிற பேச்சு அங்கிருந்துதான் வருகிறது.

2014-ல் கானாவுக்கு எதிரான கோலை எடுத்துப் பாருங்கள். ஃபோர்டலேசா. ஜெர்மனி 1-2 பின்தங்கியிருக்கிறது. 69-வது நிமிடம் குளோசே உள்ளே வருகிறார், 36 வயது. இரண்டே நிமிடத்தில் ஒரு கார்னர். குரூஸ் அடிக்கிறார், ஹோவெடெஸ் தலையால் தட்டிவிடுகிறார், பந்து தூரத்துக் கம்பத்தை நோக்கிப் போகிறது. குளோசே வழுக்கிக்கொண்டு போய்க் காலை நீட்டுகிறார், கோல். 2-2. ரொனால்டோவின் 15-ஐத் தொட்ட கோல் அது. கோல் விழுந்த இடத்தைப் பார்க்காதீர்கள். ஹோவெடெஸ் தலையில் பந்து படுவதற்கு முன்னால் குளோசே எப்போது ஓட ஆரம்பித்தார் என்று பாருங்கள். பந்து அங்கே வந்த பிறகு ஓடினால் யாராலும் அடைய முடியாத இடம் அது. (அதற்கப்புறம், கோல் அடித்தால் எப்போதும் போடுகிற குட்டிக்கரணத்தைப் பழக்கதோஷத்தில் அடித்து, சரியாக நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார். வயசு!)

"சின்ன அணிகள்" என்கிற கணக்குக்கு வருவோம். 16 கோலில் 11 குரூப் ஆட்டங்களில், 5 நாக் அவுட்டில். அந்த ஐந்தும் யாருக்கு எதிராக? 2006 காலிறுதியில் அர்ஜென்டினா. 2010-ல் இங்கிலாந்து, அப்புறம் மறுபடியும் அர்ஜென்டினாவுக்கு இரண்டு. 2014 அரையிறுதியில் பிரேசில். இதில் எந்த அணி சின்ன அணி? பதினாறில் ஒன்று கூட பெனால்டி இல்லை என்பதையும் எதிர் சீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

ஒரே ஒரு முழு ஆட்டம் பார்க்க நேரம் இருந்தால் 2006 அர்ஜென்டினா ஆட்டத்தைப் பாருங்கள். பெர்லின் ஒலிம்பிக் ஸ்டேடியம். அயலா தலையால் முட்டி அர்ஜென்டினா முன்னால் போய்விட்டது. நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. 80-வது நிமிடம் பலாக் இடப்பக்கத்திலிருந்து பந்தைத் தூக்கிப் போடுகிறார், பொரோவ்ஸ்கி தலையால் திருப்பிவிடுகிறார், குளோசே தாழ்ந்து வந்து முட்டுகிறார். 1-1, கடைசியில் பெனால்டி ஷூட்அவுட்டில் ஜெர்மனி ஜெயித்தது. அந்த ஒரு தலை இல்லையென்றால் சொந்த மண்ணில் நடந்த உலகக் கோப்பை ஜெர்மனிக்குக் காலிறுதியோடு முடிந்திருக்கும். அந்த முறை 5 கோலோடு, அதிக கோல் அடித்தவருக்கான கோல்டன் பூட்டும் அவருக்குத்தான்.

2010 இங்கிலாந்து கோல் முற்றிலும் வேறு ரகம். ஜெர்மனி கோல் கீப்பர் நோயர் தன் கோல் ஏரியாவிலிருந்து ஓங்கி உதைக்கிறார். பந்து நடு மைதானத்தைத் தாண்டி ஒரு முறை தரையில் குதிக்கிறது. குளோசே டிஃபெண்டர் அப்ஸனைத் தோளால் தள்ளிக்கொண்டே காலை நீட்டி கோல் கீப்பர் ஜேம்ஸைத் தாண்டித் தட்டிவிடுகிறார். ஒரு உதை, ஒரு தட்டு. பள்ளிக்கூட மைதானத்தில் அடிக்கிற கோல் மாதிரி இருக்கும். என் மாதிரி ஸ்டாப்பருக்கு ராத்திரி தூக்கம் வராது.

2002-ஐப் பற்றி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த முறை அடித்த ஐந்தும் ஹெடர், ஐந்தும் குரூப் ஆட்டங்களில்: சவூதி மூன்று, அயர்லாந்து ஒன்று, கேமரூன் ஒன்று. நாக் அவுட்டில் ஒன்றும் இல்லை. ஜெர்மனி அணிக்கு ஆட ஆரம்பித்து ஒன்றேகால் வருஷம்கூட முழுசாக ஆகாத ஆள். அடுத்த மூன்று உலகக் கோப்பைகளில் வந்தது வேறு ஆட்டக்காரர். வெறும் தலையாக வந்தவர் இரண்டு காலோடும் திரும்பி வந்தார்.

கிளப் கணக்கில் உங்கள் எதிர் சீட்டுக்காரர் சொல்வதில் பாதி சரி. பண்டஸ்லிகாவில் முதல் ஆட்டம் ஆடும்போதே குளோசேவுக்கு 22 வயது ஆகப்போகிறது. கைசர்ஸ்லாட்டர்னில் 44 கோல். 2004-ல் வெர்டர் பிரெமன் போனார், அங்கேதான் உச்சம்: 89 ஆட்டத்தில் 53. அதிலும் 2005-06 சீசனில் 26 ஆட்டத்தில் 25 கோல், லீக்கின் டாப் ஸ்கோரர், ஜெர்மனியின் அந்த வருஷத்துச் சிறந்த ஆட்டக்காரர் விருது. பின்னால் நடுக்களத்தில் மிக்கூ மாதிரி ஒரு மூளை, பக்கத்தில் இன்னொரு ஃபார்வர்ட் கிளாஸ்னிச். 2007-ல் பேயர்ன் மியூனிக் வாங்கியது. அதே கோடையில் லூகா டோனியையும் வாங்கியது, இரண்டு வருஷத்தில் கோமஸ், ஒலிச் என்று ஃபார்வர்ட் வரிசை நீண்டது. வான் கால் பயிற்சியாளராக வந்த பிறகு நம் ஆள் பெஞ்சில். நான்கு வருஷத்தில் லீக்கில் 24 கோல், அவ்வளவுதான்.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. 2009-10 லீக் சீசன் முழுக்க குளோசே அடித்தது 3 கோல். இந்த ஆளை எதற்கு உலகக் கோப்பைக்குக் கூட்டிப் போகிறீர்கள் என்று ஜெர்மனியிலேயே கேட்டார்கள். ஜெர்மனி பயிற்சியாளர் லோவ் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தென்னாப்பிரிக்காவில் ஐந்து ஆட்டத்தில் 4 கோல். அதுவும் செர்பியா ஆட்டத்தில் சிவப்பு அட்டை வாங்கி அடுத்த ஆட்டத்தில் உட்கார்ந்தார், மூன்றாம் இட ஆட்டத்தில் முதுகு வலியால் இறங்கவே இல்லை. அந்த ஆட்டத்துக்குப் போகும்போது ரொனால்டோவைத் தொட ஒரு கோல்தான் பாக்கி.

அதிர்ஷ்டக்காரரா என்று கேட்டீர்கள். குளோசே கோல் அடித்த எந்த ஆட்டத்திலும் ஜெர்மனி தோற்றதில்லை. ஒரு முறை மயிரிழையில் தப்பியது: 2012 அக்டோபர், பெர்லினில் ஸ்வீடனுக்கு எதிராக அவர் இரண்டு அடித்து 4-0 என்று இருந்த ஆட்டத்தை மற்றவர்கள் 4-4 ஆக்கிவிட்டார்கள். ஜெர்மனி அணிக்கு மொத்தம் 137 ஆட்டம், 71 கோல். அதிர்ஷ்டம் அத்தனை வருஷம் கூடவே வராது.

ஸார்லாந்து வாசி:

தச்சு வேலைக் கதை முழுக்க உண்மை. நான் இருக்கிற பகுதிக்குப் பக்கம்தான் அவர் வளர்ந்த இடம் என்பதால் இதை நான் சொல்கிறேன்.

குளோசே பிறந்தது போலந்தில், ஓப்போலே நகரில், 1978-ல். தகப்பன் யோசெஃப் தொழில்முறை உதைபந்தாட்டக்காரர், பிரான்சில் ஒசேர் கழகத்துக்கும் ஆடியவர். தாய் பார்பரா போலந்து தேசிய கைப்பந்து அணியின் கோல் காப்பாளர். நாம் ஹேண்ட்பால் என்கிறோமே, அது. எட்டு வயதில் குடும்பத்தோடு ஜெர்மனிக்கு வந்து குசெல் என்ற சிறிய ஊரில் குடியேறினார்கள். பெடியனுக்கு அப்போது ஜெர்மன் மொழி கிட்டத்தட்டத் தெரியாது.

சேர்ந்த கழகத்தின் பெயர் எஸ்.ஜி. பிளாபாக்-டீடல்கொப்ஃப். பெயர்தான் நீளம். குசெலை ஒட்டிய கிராமத்துக் கழகம். இங்கே இப்படியான கழகங்களைப் பார்க்காதவர்களுக்கு விளங்காது. கழகத்தில் சம்பளத்துக்கு யாரும் இல்லை. புல் வெட்டுவதும், கோடு போடுவதும், ஆட்டம் முடிந்த பிறகு சொசேஜ் சுடுவதும் ஊர் ஆட்கள்தான். ஆடுகிறவன் திங்கட்கிழமை விடிய வேலைக்குப் போவான். குளோசேயும் அப்படித்தான், தொழிற்பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்ற தச்சர். மேசை கதிரை செய்கிற தச்சர் அல்ல, வீட்டுக் கூரைக்கு மரச்சட்டம் ஏற்றுகிற தச்சர். உயரத்தில் ஏறி நின்று செய்கிற வேலை.

1998-ல் அவர் ஆடிக்கொண்டிருந்தது மேற்கு பால்ஸ் வட்டார லீக்கில், அது ஏழாவது நிலை. அதே 1998-ல் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கைசர்ஸ்லாட்டர்ன், இரண்டாம் பிரிவிலிருந்து ஏறி வந்த உடனேயே பயிற்சியாளர் ஒட்டோ ரெஹாகலின் கீழ் ஜெர்மன் சாம்பியன் ஆனது. அப்படி ஒன்று அதற்கு முன்பும் நடக்கவில்லை, பின்பும் நடக்கவில்லை. அந்த ஊர் முழுக்கக் கொண்டாடிய கோடையில் இவர் ஹோம்புர்க் கழகத்துக்கு மாறினார், அதுவும் முதலில் அவர்களுடைய இரண்டாவது அணிக்கு. அடுத்த வருடம் கைசர்ஸ்லாட்டர்ன், அங்கேயும் முதலில் அமெச்சூர் அணி. 2000 ஏப்ரலில் ரெஹாகல் முதல் முறை பண்டஸ்லிகாவில் இறக்கினார்.

அதற்குப் பிறகு வேகம். போலந்து பயிற்சியாளர் யெர்சி எங்கல் நேரில் வந்து எங்கள் நாட்டுக்கு ஆடு என்று கேட்டார். இவர் பொறுத்திருந்தார். 2001 மார்ச், லெவர்குசென், அல்பேனியாவுக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக வந்து 88-வது நிமிடம் தலையால் வெற்றிக் கோல். கோல் அடித்ததும் போடுகிற அந்தக் குட்டிக்கரணமும் அன்றைக்கே. கிராமத்து மைதானத்திலிருந்து தேசிய அணிக்கு மூன்று வருடம்கூட இல்லை.

நான் இங்கே சின்னப் பிள்ளைகளுக்கு வார இறுதியில் பயிற்சி கொடுக்கிறேன். தாய் தகப்பன்மார் என்னிடம் குளோசேவைக் காட்டித்தான் கதைப்பார்கள்: "இருபது வயதில் அவர் எங்கே இருந்தார் பாருங்கள், எங்கள் பெடியனுக்கு இன்னும் காலம் இருக்கிறது." நான் தலையாட்டுவேன். ஆனால் இப்போது பெரிய கழகங்கள் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே பிள்ளைகளைத் தங்கள் பயிற்சிப் பள்ளிகளுக்கு எடுத்துவிடுகின்றன. 2000 யூரோ கோப்பையில் ஜெர்மனி குரூப்பிலேயே வெளியேறிய பிறகு அந்த ஏற்பாடு இன்னும் இறுக்கமாகிவிட்டது. குளோசே நுழைந்த கதவு இப்போது முன்பைவிட நிறைய ஒடுங்கிவிட்டது என்பது என் எண்ணம்.

ராத்திரி மேட்ச்:

அண்ணே, இரண்டு பேருக்கும் நன்றி. கூரைத் தச்சர் என்கிற விஷயம் நான் எங்கேயும் படிக்கவில்லை.

ஒரு சின்னக் கேள்வி. கையால் அடித்த கோலை அவரே ரெஃப்ரீயிடம் போய்ச் சொன்னார் என்று ஒரு வீடியோ பார்த்தேன். அது எந்த ஆட்டம்?

வடசென்னை ஸ்டாப்பர்:

அது பேயர்னை விட்டு இத்தாலியில் ரோம் நகரத்து லாசியோவுக்கு ஆடும்போது. 2012 செப்டம்பர், நேப்பிள்ஸ் ஊரில் நாபோலிக்கு எதிராக. ஆட்டம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் ஒரு கார்னர், பந்து அவர் கையில் பட்டு உள்ளே போனது, ரெஃப்ரீ கோல் கொடுத்துவிட்டார். நாபோலிக்காரர்கள் சூழ்ந்துகொண்டு கத்த, குளோசே போய் ஆமாம் கையில்தான் பட்டது என்று சொல்ல, கோலை ரத்து செய்தார்கள். நாபோலிக்காரர்கள் வந்து கட்டிப்பிடித்தார்கள். அப்புறம் கவானி மூன்று கோல் அடித்து 3-0 என்று லாசியோவைத் தோற்கடித்தார். கட்டிப்பிடித்ததற்கு அவ்வளவுதான் மரியாதை.

அது முதல் தடவையும் இல்லை. 2005-ல் பிரெமனுக்கு ஆடும்போது பீலஃபெல்ட் ஆட்டத்தில் அவர் விழுந்ததற்குப் பெனால்டி கொடுத்தார்கள். கோல் கீப்பர் பந்தைத்தான் தொட்டார், இது பெனால்டி இல்லை என்று இவரே சொல்லித் திருப்பிக் கொடுத்தார். என்னைக் கேட்டால், நான் சொல்லியிருக்க மாட்டேன். லீக்கில் ஒரு பாயின்ட்டுக்கு என்ன விலை என்று தெரிந்த எவனும் சொல்லமாட்டான். அதனால்தான் இந்த இரண்டும் எனக்கு மறக்கவில்லை.

லாசியோ காலத்தை எல்லோரும் ஓய்வுக்காலம் மாதிரிப் பேசுகிறார்கள், அது தப்பு. 33 வயதில் போனார். போன சில மாதத்திலேயே, அதே ஊரின் இன்னொரு அணியான ரோமாவுக்கு எதிரான டெர்பியில் இஞ்சுரி டைமில் வெற்றிக் கோல். ரோம் நகரத்தில் அது ஒன்று போதும், காலம் முழுக்கச் சாப்பாடு இலவசம். 2013 மே மாதம் போலோன்யாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 5 கோல். அந்த லாசியோ கோல்களை நம்பித்தான் லோவ் 2014-க்கு அவரைக் கூட்டிப் போனார். உலகக் கோப்பைக்குக் கொஞ்சம் முன்னால், மைன்ஸில் அர்மேனியாவுக்கு எதிராக ஜெர்மனி அணிக்கான தன் 69-வது கோலை அடித்து கெர்ட் முல்லரின் 68-ஐத் தாண்டினார். முல்லருக்கு அந்த 68-க்கு 62 ஆட்டம்தான் தேவைப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மஞ்சள் ஜெர்சி வந்து சொல்வார்.

2014 பிரேசில் ஆட்டத்தில் அவர் அடித்தது ஜெர்மனியின் இரண்டாவது கோல், 23-வது நிமிடம். முதல் ஷாட்டை பிரேசில் கோல் கீப்பர் ஜூலியோ சீசர் தடுத்தார், திரும்பி வந்த பந்தை உள்ளே தள்ளினார். 16. ரொனால்டோ அதே ஸ்டேடியத்தில் டிவிக்காகப் பேசிக்கொண்டிருந்தார். இறுதியாட்டத்தில் 88-வது நிமிடம் குளோசே வெளியே வர, கோட்சே உள்ளே போனார். கோப்பையை வென்ற கோலை அடித்தவர் அந்தக் கோட்சேதான்.

மஞ்சள் ஜெர்சி:

அந்த ஆட்டத்தைப் பற்றி என்னிடம் பேசாதீர்கள்.

சரி, நீங்கள் நாக் அவுட் கணக்கை எடுத்தீர்கள். உங்கள் ஆளுக்கு 5. ரொனால்டோவுக்கு நாக் அவுட்டில் 8: சிலி இரண்டு, நெதர்லாந்து ஒன்று, பெல்ஜியம் ஒன்று, துருக்கி ஒன்று, உங்கள் ஜெர்மனிக்கே இரண்டு, 2006-ல் கானா ஒன்று. இப்போது சொல்லுங்கள்.

வடசென்னை ஸ்டாப்பர்:

ஒப்புக்கொள்கிறேன், 8 பெரியது. நாக் அவுட்டில் ரொனால்டோதான்.

ஆனால் "சின்ன அணி" கழித்தலை நீங்கள் உங்கள் பக்கம் செய்து பார்த்தீர்களா? குளோசேவில் சவூதி 3, கோஸ்டா ரிகா 2, எக்வடோர் 2, ஆஸ்திரேலியா 1 கழித்தால் மிச்சம் 8. ரொனால்டோவில் மொராக்கோ 1, சீனா 1, கோஸ்டா ரிகா 2, ஜப்பான் 2 கழித்தால் மிச்சம் 9.

மஞ்சள் ஜெர்சி:

உங்கள் கணக்கிலேயே 9-8. ரொனால்டோ முன்னால். நன்றி, வணக்கம்.

வடசென்னை ஸ்டாப்பர்:

1998-ல் சிலிக்கு எதிராக அடித்த இரண்டில் ஒன்று பெனால்டி. அதையும் கழியுங்கள். 8-8.

ராத்திரி மேட்ச்:

நாளைக்கு லஞ்சில் இந்தக் கடைசி இரண்டு வரியை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டு மற்றதைச் சொல்கிறேன். பெர்லின் அர்ஜென்டினா ஆட்டத்தை முழுசாகப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுகிறேன் அண்ணே.